அடிக்கூடை

பச்சமுத்து வாசலில் குந்தி மீன் ஆய்ந்தால் எங்கள் தெருவில் நாலு பேராவது நின்று பார்த்துவிட்டுத்தான் போவார்கள். மரக்காணத்தில் மீன் ஆய்வது ஒன்றும் அதிசயமில்லை. ஆம்பிளை ஆய்வதுதான் அதிசயம், அதுவும் பெண்டாட்டி பஸ் ஏறி வேலைக்குப் போன பிறகு. இன்றைக்கு என்ன குழம்பு என்று ஆளாளுக்குக் கேட்பார்கள். அவனும் சளைக்காமல் "காரப்பொடி மீனு, மாங்கா போட்டு" என்பான். கேலி செய்ய வந்தவனுக்கு வாயில் எச்சில் ஊறும். நான் அவனுக்கு மூன்றாவது வீடு. கேலியும் செய்வேன், கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய்க் குழம்பும் வாங்கி வருவேன்.

போன வருஷம் வரைக்கும் அவன் பஞ்சநாதன் உப்பளத்தில் உப்பு வாருகிற ஆள். பலகையை இழுத்துக்கொண்டு பாத்திக்குள் நடந்தான் என்றால் பின்னாலேயே உப்பு வரிசையாகக் கரை ஒதுங்கும். மற்றவர்கள் இரண்டு தடவை இழுப்பதை அவன் ஒரே இழுப்பில் முடிப்பான். அந்த வேலைதான் கண்ணுக்கு வினையானது. பங்குனி, சித்திரையில் எங்கள் அளத்துக்குப் போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும், மேலேயும் வெயில், உப்பில் பட்டுத் தெறித்துக் கீழேயும் வெயில். இடது கண்ணின் மூலையிலிருந்து சதை வளர்ந்து கருவிழியைப் பிடிக்கப் போனது. பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் அதை வெட்டி எடுத்தார்கள். வெட்டின டாக்டர், இந்த ஒரு வருஷம் அளத்துப் பக்கம் தலைவைத்தும் படுக்கக் கூடாது, மறுபடி வளர்ந்து கருவிழியை மூடினால் அந்தக் கண் அவ்வளவுதான் என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். வலது கண்ணிலும் அதே சதை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

அதனால்தான் அவன் பெண்டாட்டி மலர்க்கொடி வேலைக்குப் போனாள். அவளும் அளத்துப் பிள்ளைதான். அம்மா உப்புக்கூடை சுமந்தவள், பள்ளிக்கூட லீவில் இவளும் கூடச் சுமந்திருக்கிறாள். ஆனால் பிடிவாதமாகப் படித்து, பாண்டியில் டிப்ளமோ முடித்து, கம்ப்யூட்டரில் படம் போடவும் கற்றுக்கொண்டிருந்தாள். கல்யாணத்துக்குப் பிறகு சும்மா கிடந்த அந்தப் படிப்பைத் தூசி தட்டி எடுத்துக்கொண்டு, கூனிமேட்டில் நிஜாமுதீன் பாய் பட்டறைக்குப் போய் நின்றாள்.

பாய் சவூதியில், தம்மாமில் வெகுகாலம் இரும்பு வேலை பார்த்துவிட்டு வந்தவர். ஈ.சி.ஆர். ஓரத்தில் தகரக் கொட்டகை போட்டு, கேட், தண்ணீர்த் தொட்டி, ஆயில் எஞ்சினுக்கு வேண்டிய சாமான் என்று எது கேட்டாலும் செய்து கொடுப்பார். உப்பு கழுவுகிற ஆலைகளிலிருந்து வேலை வர ஆரம்பித்ததும், கம்ப்யூட்டரில் போட்ட படம் இருந்தால்தான் மதிக்கிறார்கள் என்று ஒரு பழைய கம்ப்யூட்டரை வாங்கிக் கண்ணாடித் தடுப்புக்குள் வைத்தார். அதற்கு ஆள் இல்லாமல் அவரே ஒற்றை விரலால் தட்டிக்கொண்டிருந்த நேரத்தில் இவள் போனாள். கொஞ்ச நாள் பார்ப்போம், சரியாக வந்தால் நிரந்தரம் என்று சேர்த்துக்கொண்டார்.

சாயங்காலம் பஸ் இறங்கி வந்தால் அன்றைக்குச் செய்த வேலையைப் புருஷனிடம் ஒப்பிக்காமல் அவளுக்குச் சோறு இறங்காது. அவனும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, கம்ப்யூட்டரையே கரைத்துக் குடித்தவன் மாதிரி தலையாட்டிக் கேட்பான். உப்பு கழுவும் டிரம்முக்குத் தகடு வரைந்தபோது ஒருநாள், தட்டில் சோற்றுப் பருக்கைகளை வைத்து அவனுக்கு விளக்கிக்கொண்டிருந்தாள். நான் குழம்புக்காகப் போய் நின்றதால் எனக்கும் அந்தப் பாடம் கிடைத்தது.

"ஒரே ஒரு ஓட்டைய நான் வரையணும் மாமா. அப்புறம் எந்தப் பக்கம் போவணும், எவ்ளோ இடைவெளி, எத்தினின்னு சொல்லிட்டா போதும். மிச்சத்த அதுவே வரிசையா போட்டுக்கும். நீட்டுலயும் போடும், ரவுண்டாவும் போடும். நாளைக்கு மொத ஓட்டைய நாலு விரல் தள்ளி வெச்சேன்னு வெய்யி, அத்தினி ஓட்டையும் அதும் பின்னாடியே நகந்துக்கும்."

பச்சமுத்து கொஞ்ச நேரம் பருக்கைகளையே பார்த்தான். "அப்ப நீ வெக்கிறது அடிக்கூட," என்றான்.

அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "கரெக்ட் மாமா, அடிக்கூடயேதான்."

பஞ்சநாதன் அளத்தில் ஒரு வழக்கம் உண்டு. உப்பைக் குவிக்கத் தொடங்கும்போது முதலில் ஒரு கூடையைக் கொட்டி, குவியல் எந்த இடத்தில் வரவேண்டும் என்று அடையாளம் வைப்பார்கள். அதுதான் அடிக்கூடை. அது யார் கணக்கிலும் சேராது. அதற்கு அடுத்து வருகிற கூடையிலிருந்துதான் ஒன்று, இரண்டு என்று எண்ணுவார்கள். மலர்க்கொடி எண்ணக் கற்றுக்கொண்டதே அந்தக் குவியலடியில்தான். தான் வரைகிற முதல் ஓட்டை ஏற்கெனவே இருக்கிறது, கம்ப்யூட்டரிடம் மிச்சத்தைத்தான் கேட்க வேண்டும் என்று அவள் மனதில் அப்படியே பதிந்துபோனது. உண்மையில், எத்தனை என்று கேட்டுத் திரையில் திறக்கிற சின்னப் பெட்டிக்கு வேண்டியது மொத்தம். முதல் ஓட்டையையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

நீட்டு வரிசையில் இந்தத் தப்பு ஒளிந்துகொள்ளவில்லை. ஒன்று குறைந்தால் தகட்டின் ஓரத்தில் வெறும் இடம் பல்லைக் காட்டும். கம்ப்யூட்டருக்கு ஏதோ கோளாறு என்று நினைத்து, கூடுதலாக ஒன்றைச் சேர்த்துப் போட்டுச் சரிசெய்துகொள்வாள். வட்டத்துக்கு ஏது ஓரம்? எத்தனை சொன்னாலும் அதைச் சுற்றிலும் சமமாகப் பங்கிட்டுக் கொடுத்துவிடும். ஒன்று குறைந்தது வெறும் கண்ணுக்குத் தெரியாது.

வளையம் வரைகிற வேலையை அதுவரைக்கும் பாயே செய்துகொண்டிருந்தார். பக்கத்து ஆலையில் உப்பு கழுவும் டிரம்மின் மூடி வளையம் துருப்பிடித்து இற்றுப்போக, புதிதாக ஒன்று கேட்டார்கள். அதைத்தான் முதல் தடவையாக மலர்க்கொடியிடம் கொடுத்தார். சுற்றி இருபத்துநான்கு போல்ட் ஓட்டை. அவள் ஒன்றை வரைந்தாள், பெட்டியில் இருபத்துமூன்று என்று தட்டினாள். படத்துக்குக் கீழே, பாய் துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்தபடி "24 ஓட்டை" என்று பெரிய எழுத்தில் போட்டாள். பாண்டியில் அதை நிஜ அளவில் பெரிய தாளில் அச்சடித்து வந்தார்கள். டிரில் போடுகிற பக்தவச்சலம் தாளை இரும்பில் ஒட்டி, ஒவ்வொரு புள்ளியிலும் ஆணியால் தட்டி அடையாளம் வைத்து, அழகாக ஓட்டை போட்டு முடித்தார். தாள் கிழிந்து, எண்ணெய் துடைத்து, கரி அடுப்புக்குப் போய்ச் சேர்ந்தது.

வளையம் ஆலைக்குப் போனது, போன வேகத்தில் திரும்பி வந்தது. முதல் போல்ட் ஏறியது, அடுத்தது இழுத்துப் பிடித்தால் ஏறியது, அதற்கப்புறம் ஒன்றும் ஏறவில்லையாம். பாய் சாக்கட்டியை எடுத்து ஒவ்வொரு ஓட்டைக்கும் கோடு போட்டு எண்ணினார். இருபத்துமூன்று. கம்ப்யூட்டரில் இருந்த படத்தின் அடியில் பார்த்தார். இருபத்துநான்கு என்று எழுதியிருந்தது. அவருக்கு வேறு யோசனையே வரவில்லை, ஏனென்றால் பக்தவச்சலம் குடிகாரர். அவருடைய ஊரான பிரம்மதேசத்திலிருந்து மரக்காணம் வரைக்கும் அவரைத் தூக்கி வந்து வீட்டில் போடாத ஆள் இல்லை. பொங்கலிலிருந்து அவர் தொடவில்லை என்பதும் எல்லோருக்கும் தெரியும், நம்பத்தான் யாரும் தயாராக இல்லை.

"வாய ஊதுப்பா," என்றார் பாய்.

பட்டறையில் அத்தனை பேருக்கும் முன்னால் அந்த மனிதர் வாயை ஊதினார். வாசனை ஒன்றும் இல்லை. அப்படியானால் முந்தின நாள் குடித்திருப்பாய் என்றார் பாய். பக்தவச்சலம் சண்டை போடுவார் என்று மலர்க்கொடி எதிர்பார்த்தாள். அவர் வளையத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு ஓட்டையிலும் விரலை விட்டுவிட்டு எடுத்தார்.

"நான் குடிக்கல பாய். ஆனா ஒண்ண விட்டுட்டனோ என்னமோ, எனக்கே தெரியல," என்றார்.

பாய் அவரை வீட்டுக்குப் போகச் சொன்னார், கூப்பிட்டு அனுப்புகிறேன் என்றார். அவர் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு, திறக்காமலே, ரோட்டோரமாக நடந்து போனார்.

அவர் போன பிறகுதான் மலர்க்கொடி சுவரில் சாய்த்திருந்த வளையத்தைச் சரியாகப் பார்த்தாள். ஒரு ஓட்டையை விட்டிருந்தால் அந்த இடம் காலியாக இருக்க வேண்டும். எங்கேயும் காலி இல்லை, எல்லாம் ஒரே இடைவெளி. கண்ணாடித் தடுப்புக்குள் போய்க் கம்ப்யூட்டரில் படத்தைத் திறந்து, பெட்டிக்குள் பார்த்தாள். அவள் விரலால் தட்டிய இருபத்துமூன்று அங்கேயே உட்கார்ந்திருந்தது. பாய் வெளியே போயிருந்தார். அவர் இருந்திருந்தாலும் சொல்லியிருப்பேனா என்று தெரியவில்லை என்று பிற்பாடு என் பெண்டாட்டியிடம் சொன்னாள்.

அன்றைக்குச் சாயங்காலம் அவள் தட்டில் குழம்பு காய்ந்தது. பச்சமுத்து இரண்டு தடவை கேட்ட பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். எனக்குத் தெரிந்து அவர்கள் வீட்டில் குரல் உயர்ந்தது அன்றைக்குத்தான். இடையில் ஒரே ஒரு வீடு, ஓலைத் தடுப்பு, காதைப் பொத்திக்கொள்ளவா முடியும்?

நாளைக்குப் போனதும் பாயிடம் சொல்லிவிடு என்றான் அவன். அவள் முடியாது என்றாள். சேர்ந்து இன்னும் நிரந்தரம்கூட ஆகவில்லை. கொடுத்த முதல் வளையத்திலேயே ஆலைக்காரனிடம் பாயைத் தலைகுனிய வைத்தாயிற்று. சொன்னால் வேலை போகும். பக்தவச்சலம் அண்ணனை எப்படியும் கூப்பிட்டுக்கொள்வார்கள், டிரில் போட அவரை விட்டால் ஆள் இல்லை என்றாள்.

"கூப்புடுவாரு. ஆனா அந்த ஆளு சாவுற வரைக்கும் குடிச்சிட்டு வேலையக் கெடுத்தவன்னுதான் பேரு இருக்கும்," என்றான் பச்சமுத்து.

"என் வேல போச்சுன்னா நீ என்னா பண்ணுவன்னு எனக்குத் தெரியும் மாமா. பலகையத் தூக்கிக்கினு அளத்துக்குத்தான் போவ. உன் கண்ணப் பாக்கறதா, அந்த அண்ணனப் பாக்கறதா நானு?"

அவன், அடிக்கூடை என்று சொன்னதே நான்தானே என்றான். அவள் அழுதாள். அதற்குமேல் எனக்குக் கேட்கவில்லை. கேட்கவும் பிடிக்கவில்லை.

மறுநாள் விடிகிற நேரத்தில் பால் வாங்கப் போனவன், பச்சமுத்து பலகையைத் தோளில் சாய்த்துக்கொண்டு அளத்துப் பக்கம் போவதைப் பார்த்தேன். எனக்கு ஆத்திரமாக வந்தது. டாக்டர் சொன்னது மறந்துபோச்சா, இந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டால் ஆயிற்றா என்று வழியை மறித்துக் கேட்டேன்.

"அவ போய் பாய்கிட்ட சொல்லணும்ப்பா," என்றான். "நான் வூட்ல குந்திக்கினு இருந்தா அவளால சொல்ல முடியாது. என் கண்ண நெனைச்சிக்கினே வாய மூடிக்கும். நான் வேலைக்கு எறங்கிட்டேன்னு வெய்யி, அப்புறம் அவளுக்கு என்னா பயம்? அவ கெளம்பறதுக்குள்ள நீயே போய் சொல்லிடு."

சோறு வடித்து, ராத்திரிக் குழம்பைச் சுடவைத்து, அவளுடைய டிபன் பாக்ஸைக்கூட மூடி வைத்துவிட்டுத்தான் போயிருந்தான். நான் போய்ச் சொன்னபோது அவள் அந்த டிபன் பாக்ஸைக் கையில் வைத்துக்கொண்டு, அதுவரை பலகை சாய்த்திருந்த வெறும் சுவரைப் பார்த்தபடி நின்றாள். எனக்கு அவனைத் திட்டவும் தோன்றியது, கட்டிக்கொள்ளவும் தோன்றியது. அவள் செருப்பைப் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள்.

பட்டறையில் அவள் சொல்லி முடித்ததும் பாய் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்து, இருபத்துமூன்றை அழித்து இருபத்துநான்கு என்று தட்டிப் பார்த்தார். ஓட்டைகள் மினுக்கென்று ஒதுங்கி இடம் கொடுத்தன. மறுபடி இருபத்துமூன்று போட்டார். மறுபடி ஒதுங்கின. அதற்குப் பிறகு திட்ட ஆரம்பித்தார். படித்த படிப்பை, படிப்பித்தவனை, கம்ப்யூட்டரை விற்றவனை, ஒருவரையும் விடவில்லை. எண்ணிப் பார்க்காமல் அச்சுக்கு அனுப்பிய தன்னையும் அந்த வரிசையில் சேர்த்துக்கொண்டார்.

"இரும்பு போனா போவுது, அடைச்சிட்டு வேற போட்டுக்கலாம். ஒரு மனுசன நிக்க வெச்சி வாய ஊதச் சொன்னனேம்மா. அத எதப் போட்டு அடைக்கிறது?" என்றார். பிறகு சத்தமாக, "நிக்கிற பாரு. போய் வண்டில ஏறு," என்றார்.

பட்டறை வண்டியில் இரண்டு பேரும் பிரம்மதேசத்துக்குப் போனார்கள். வழி முழுக்கத் திட்டு ஓயவில்லை. பக்தவச்சலம் வீட்டு வாசலில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். பாயைக் கண்டதும் எழுந்து வேட்டியை இறக்கிவிட்டார். மலர்க்கொடி தப்பு தன்னுடையது என்று சொன்னதைக் கேட்டுக்கொண்டு, அவள் முகத்தையே பார்த்தார். கோபப்படவில்லை.

"எங்கிட்ட சொல்லாதம்மா. உள்ள போய் எங்க வூட்டுல சொல்லு," என்றார்.

அவர் மனைவி சின்னப்பாப்பா அடுப்படியில் இருந்தாள். மலர்க்கொடி முதலிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி சொன்னாள். சின்னப்பாப்பாவுக்குக் கம்ப்யூட்டர் சமாசாரம் புரியவில்லை. அவர் குடிக்கவில்லை, ஓட்டை எதையும் விட்டுவிடவும் இல்லை என்பது மட்டும் புரிந்தது. முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

"நானும் நம்பலம்மா," என்றாள். "நேத்து பூரா கைவெரல மடக்கி மடக்கி எண்ணிக்கினே இருந்தாரு. பத்து வருதா வருதான்னு எங்கிட்டயே கேக்குறாரு. மறுபடி ஊத்திக்கினு வந்துட்டாருன்னு நெனைச்சி நான் சோறுகூட போடல."

மலர்க்கொடி அவள் காலைத் தொடப் போனாள், சின்னப்பாப்பா தடுத்துப் பிடித்துக்கொண்டாள். வெளியே பாய் பக்தவச்சலத்தின் தோளில் கைபோட்டு ஏதோ பேசிக்கொண்டிருந்தார், என்ன பேசினார் என்று இருவரும் யாரிடமும் சொன்னதில்லை. பக்தவச்சலம் உள்ளே வந்து சோறு கேட்டார். அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை முதலாளி மரத்தடியில் காத்திருந்தார்.

பட்டறைக்குத் திரும்பியதும் மலர்க்கொடி புதிதாக வளையத்தை வரைந்தாள். பாண்டிக்குப் போய் அச்சடித்து வருவதற்குள் பழைய ஓட்டைகளை வெல்டிங் வைத்து அடைத்தார்கள். புதுத் தாளை ஒட்டுவதற்கு முன்னால் பக்தவச்சலம் அவளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்தி, ஒவ்வொரு புள்ளியையும் வாய்விட்டு எண்ணச் சொன்னார். அவளோடு சேர்ந்து அவரும் எண்ணினார். டிரில் ஓடத் தொடங்கியபோது மத்தியானம் தாண்டியிருந்தது. அப்போதுதான் அவள் பாயிடம் போய், தன் புருஷன் விடிகாலையிலேயே அளத்தில் இறங்கிவிட்டான், ஏன் இறங்கினான் என்பதைச் சொன்னாள்.

பாய் அவளை வெறித்துப் பார்த்தார். புருஷனுக்கும் அறிவில்லை, பெண்டாட்டிக்கும் அறிவில்லை, அல்லா எங்கே பார்த்து இப்படி ஜோடி சேர்த்தான் என்று கத்தினார். இந்த வெயிலில் கண் என்னத்துக்கு ஆகும், இதைக் காலையிலேயே சொல்வதற்கென்ன என்று கத்தினார். வண்டிக்காரனைக் கூப்பிட்டு அவளை மரக்காணம் அளத்தில் இறக்கிவிடச் சொன்னார். "நாளைக்கி லேட்டா வந்தன்னா தெரியும் சேதி," என்று வண்டி கிளம்பின பிறகும் கத்தினார்.

பஞ்சநாதன் அளத்தில் அன்றைக்குக் கூடை சுமந்த பெண்கள் சொன்னது இது. வேர்வையில் கறுப்புக் கண்ணாடி புகைபோட்டுவிட்டதால் பச்சமுத்து அதைக் கழற்றி மடியில் செருகிக்கொண்டு, துண்டால் இரண்டு கண்ணையும் இறுக்கிக் கட்டிக்கொண்டானாம். அந்தக் கட்டோடேயே வாரினானாம். காலுக்கடியில் பாத்தி இருக்கிறது, கையில் பலகை இருக்கிறது, கண் எதற்கு என்றானாம். கரை வரும்போது மட்டும் பெண்கள் "வரப்பு, வரப்பு" என்று குரல் கொடுத்திருக்கிறார்கள். அவன் நின்று, திரும்பி, மறுபடி இழுத்திருக்கிறான். பஞ்சநாதன் வந்து திட்டியும் கேட்கவில்லை. அவன் வாரின உப்பு கோணாமல் நேராகத்தான் ஒதுங்கியிருந்தது என்று அவர்களுக்கே ஆச்சரியம்.

மலர்க்கொடி வரப்பில் வந்து நின்று அதைப் பார்த்தாள். பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, உப்புத் தண்ணீரில் இறங்கி அவனுக்கு நேரே போனாள். பெண்கள் குரல் நின்றுபோனதால் கரை வந்துவிட்டதோ என்று அவன் நின்றான்.

"நான்தான் மாமா."

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன். அந்த அண்ணன் வூட்டுக்காரம்மா கிட்டயும் சொல்லிட்டேன்."

அவன் பலகைமேல் சாய்ந்துகொண்டான். "பாய் என்னா சொன்னாரு?"

"திட்டுனாரு. காலையில புடிச்சி இப்ப வரைக்கும் திட்டுனாரு. உன்னயும் சேத்துத்தான் திட்டுனாரு. நாளைக்கி லேட்டா வந்தா தெரியும் சேதின்னு அதுக்கும் ஒரு திட்டு."

பச்சமுத்துவின் உதடு கொஞ்சம் கொஞ்சமாக விரிந்தது. "அத்தினி திட்டுனாரா? அப்ப வேல இருக்குது," என்றான். துண்டின் முடிச்சை அவிழ்க்கக் கையைத் தூக்கினான்.

அவள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். மேலே வெயிலும் கீழே உப்பும் வெள்ளையாக எரிந்துகொண்டிருந்தன. இன்னொரு கையால் பலகையை வாங்கித் தோளில் சாய்த்துக்கொண்டாள். அத்தனை பேருக்கு முன்னால் அப்படிக் கையைப் பிடித்து நடப்பதைப் பார்த்துப் பெண்கள் என்னென்னவோ கிண்டல் பேசினார்கள், அவள் காதில் எதுவும் விழவில்லை.

"அவுக்காத மாமா," என்றாள். "ரோடு வந்ததும் நான் சொல்றேன்."

அவன் அவிழ்க்கவில்லை. வரப்பு வரப்பாக, அவள் சொல்லச் சொல்லக் கால் எடுத்து வைத்து ரோட்டுக்கு வந்தான்.